டைமிங் பெல்ட்டை வீட்டிலேயே மாற்றும்போது உடன் எவற்றையெல்லாம் மாற்ற வேண்டும்?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது நான்கு சிலிண்டரும், வால்வுகளைத் திறந்து மூடும் இரட்டைக் கேம் ஷாஃப்ட்டும் கொண்ட பெட்ரோல் கார். வேறொருவரிடமிருந்து வாங்கிய வண்டி என்பதால், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டோடு கேம் ஷாஃப்ட்டுகளை இசைவாகச் சுழலவைக்கும் டைமிங் பெல்ட் எப்போதாவது மாற்றப்பட்டதா என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. வண்டியின் கையேடு 1,00,000 கிலோமீட்டர் என்றும் அதோடு ஆண்டுக் கணக்கிலான ஒரு கெடுவையும் குறிப்பிட்டு, இரண்டில் எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறது. ஓட்டம் அந்த அளவை நெருங்கியிருக்கிறது. ஆண்டுக் கெடுவோ கடந்துவிட்டது.

மேல் கவரைக் கழற்றிப் பார்த்தேன். பெல்ட்டில் வெடிப்பு, பிசிறு எதுவும் தெரியவில்லை. பற்களும் முழுமையாகவே இருக்கின்றன. ஆனால் வாட்டர் பம்ப்புக்குக் கீழே, இன்ஜின் பிளாக்கின் மேல், கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) வழிந்து காய்ந்தது போன்ற வெளிறிய ஒரு தடம் இருக்கிறது. தொட்டால் ஈரமில்லை.

பிரேக் பேட், ஸ்பார்க் பிளக், ஆல்டர்னேட்டர் பெல்ட் ஆகியவற்றை நானே மாற்றிப் பழகியிருக்கிறேன். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச், ஜாக்கி, ஸ்டாண்டுகள், இந்த இன்ஜினுக்கு உரிய சர்வீஸ் மேனுவல் ஆகியவை கைவசம் உள்ளன. இன்ஜினின் முன்பக்கத்தை இதுவரை பிரித்ததில்லை. பெல்ட் பார்வைக்கு நன்றாக இருக்கும்போது இப்போதே மாற்றத்தான் வேண்டுமா? பெல்ட்டை மட்டும் மாற்றினால் போதுமா, அல்லது பெல்ட்டை விறைப்பாக வைக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் என எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? கிராங்க் புல்லியின் போல்ட்டைக் கழற்றுவதுதான் மிகக் கடினம் என்று கேள்விப்படுகிறேன். அதற்குப் பாதுகாப்பான வழி எது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முதல் மறுமொழி

வணக்கம். தயங்காமல் மாற்றுங்கள். பழைய காலத்து நியோபிரீன் பெல்ட்டுகள் வயதானால் மேற்பரப்பில் வெடித்துக் காட்டும். இப்போது பெரும்பாலும் பயன்படுவது எச்.என்.பி.ஆர். என்கிற, ஹைட்ரஜன் ஏற்றிய நைட்ரைல் ரப்பர். அது வெப்பத்தை நன்றாகத் தாங்கும். வயதாகியும் வெளியே எதையும் காட்டாமல் இருக்கும். பெல்ட்டின் உண்மையான பலம் ரப்பருக்குள் ஓடும் கண்ணாடி இழைக் கயிறுகளில் இருக்கிறது. அவை இற்றுப்போவதையும் பற்களின் அடிப்பகுதி தளர்வதையும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வெடிப்பு தெரிந்தால் பெல்ட் கெட்டுவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். தெரியவில்லை என்பதால் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. மாற்றிய பதிவே இல்லாத வண்டியில், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்வதுதான் முறை.

உங்கள் இன்ஜினில் பிஸ்டன் மேலே வரும் இடமும் திறந்த வால்வு இறங்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா என்பதை மேனுவலிலோ பெல்ட் தயாரிப்பாளரின் அட்டவணையிலோ பார்த்துவிடுங்கள். அப்படிப்பட்ட இன்ஜினில் ஓட்டத்தின்போது பெல்ட் அறுந்தால் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும். கிராங்க் மட்டும் சுழன்றுகொண்டிருக்கும். திறந்து நிற்கும் வால்வுகளைப் பிஸ்டன் அடித்து வளைத்துவிடும். அதன்பிறகு சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும். இன்றைய இரட்டைக் கேம் இன்ஜின்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இனி, எவற்றை மாற்றுவது என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த வேலையில் பெல்ட்டுக்கு ஆகும் செலவு சிறியது; அதை அடைவதற்கான உழைப்புதான் பெரியது. எனவே அந்தக் கவருக்குள் இருப்பவற்றில், அடுத்த பெல்ட் மாற்றும் காலம் வரை உழைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத எதையும் பழையபடி திருப்பி மாட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. டென்ஷனருக்கும், பெல்ட்டின் பாதையைத் திருப்பிவிடும் ஐட்லர் புல்லிக்கும் உள்ளே இருப்பவை பேரிங்குகள். பெல்ட் ஓடிய தூரமெல்லாம் அவையும் சுழன்றிருக்கின்றன. உள்ளே இருக்கும் கிரீஸ் காய்ந்திருக்கும். புதிய பெல்ட்டைப் பழைய பேரிங்கின் மேல் ஓடவிட்டு, அந்தப் பேரிங் இறுகிவிட்டால், புதிய பெல்ட்டும் சேர்ந்தே போகும். பழைய புல்லியைக் கழற்றியதும் கையில் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். கிரீஸ் நிறைந்த பேரிங் சத்தமின்றி மெதுவாகச் சுழன்று சீக்கிரமே நிற்கும்; காய்ந்த பேரிங் சரசரவென்ற ஓசையோடு வெகுநேரம் சுழலும். இதைப் பார்த்த பிறகு அதைத் திருப்பி மாட்ட உங்களுக்கே மனம் வராது.

வாட்டர் பம்ப்பை உங்கள் விஷயத்தில் கட்டாயம் மாற்ற வேண்டும். பம்ப்பின் தண்டைச் சுற்றியுள்ள சீல் தேயும்போது, கசியும் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியேறுவதற்கென்றே உடலின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள். நீங்கள் சொல்லும் காய்ந்த தடம் அதற்குக் கீழே தொடங்குகிறது என்றால், இன்ஜின் சூடாகும்போது கசிந்து, அந்தச் சூட்டிலேயே காய்ந்துபோகிறது என்று பொருள். கூலன்ட் பட்ட பெல்ட் விரைவில் கெடும் என்பதால் இதை மேலும் தள்ளிப்போட வேண்டாம். பம்ப்பின் போல்ட்டுகள் சிறியவை. அலுமினிய மரையில் இறங்குபவை. அங்கே கை வலுவைக் காட்டாமல் மேனுவலில் உள்ள டார்க் அளவோடு நிறுத்துங்கள். பழைய கேஸ்கட்டின் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் அடுக்கு) மிச்சத்தைச் சுரண்டும்போது அலுமினிய முகத்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய பம்ப் கசிவதற்குப் பெரும்பாலும் அந்தக் கீறலே காரணமாக இருக்கும்.

கேம் சீல்களையும் முன் கிராங்க் சீலையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். விலை குறைவு, பிற்காலத்தில் அவை கசிந்து பெல்ட்டை எண்ணெயில் நனைத்தால், இதே வேலையை மறுபடி முதலிலிருந்து செய்ய நேரும்.

கிராங்க் போல்ட்டைப் பொறுத்தவரை, அந்தப் புல்லிக்கென்று உள்ள பிடிகருவியை வாங்கியோ இரவல் பெற்றோ பயன்படுத்துவதுதான் சரியான வழி. நீண்ட கைப்பிடியைத் தரையில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றிப் போல்ட்டை இளக்கும் தந்திரத்தைப் பலர் சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். கைப்பிடி நழுவினால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. அதேபோல, டைமிங் நிலையில் கிராங்க்கை நிறுத்துவதற்காகத் தரப்படும் பூட்டு ஊசியை நம்பி இந்தப் போல்ட்டைத் திருப்பக் கூடாது. அந்த ஊசி நிலையைக் காட்டுவதற்கு உரியதே தவிர, அவ்வளவு விசையைத் தாங்குவதற்கு அன்று. அது வளையும், அல்லது பிளாக்கிலேயே வெடிப்பு விழும். பல இன்ஜின்களில் இந்தப் போல்ட் இறுக்கும்போதே சற்று நீளும் வகையைச் சேர்ந்தது. முதலில் ஒரு டார்க், அதன்மேல் இத்தனை டிகிரி என்று மேனுவல் சொன்னால், புதிய போல்ட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

பாதுகாப்பு பற்றி மூன்றே செய்திகள். வண்டியை ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தாமல், ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போக வேண்டாம். பேட்டரி இணைப்பை முதலிலேயே கழற்றுங்கள். பெல்ட் பக்கத்து இன்ஜின் மவுன்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தால், ஜாக்கிக்கும் ஆயில் சம்ப்புக்கும் இடையில் அகலமான மரக்கட்டை ஒன்றை வைத்து, இன்ஜினின் எடையைத் தாங்கிக்கொண்ட பிறகே மவுன்ட்டில் கைவையுங்கள்.

இரண்டாம் மறுமொழி

மேலே எழுதியவர் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. கசிவின்றி வறண்டு கிடக்கும் சீலை, மாற்ற வேண்டும் என்பதற்காகவே மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அதுவும் இன்ஜினின் முன்பக்கத்தை முதல்முறையாகப் பிரிப்பவருக்கு. சீலைப் பெயர்த்தெடுக்கும் ஸ்க்ரூடிரைவரின் முனை தண்டில் மயிரிழை அளவு கோடு போட்டாலும், புதிய சீல் அந்தக் கோட்டின் வழியாகவே கசியும். கேம் சீலை மாற்ற வேண்டுமானால் கேம் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அந்த மையப் போல்ட்டை இளக்கும்போதும் இறுக்கும்போதும் டைமிங் நகரக்கூடிய இடம் ஒன்று கூடுதலாக உண்டாகிறது. சீலைச் சுற்றி எண்ணெய் ஈரமோ, ஈரத்தில் ஒட்டிய தூசியோ இருந்தால் மாற்றுங்கள், வறண்டிருந்தால் விட்டுவிடுங்கள். மாற்றுவதாக இருந்தால் புதிய சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, அதே விட்டமுள்ள சாக்கெட்டால் நேராகத் தட்டி, பழையது இருந்த ஆழத்துக்கு மட்டும் இறக்குங்கள்.

இன்னொரு செய்தி மிக முக்கியமானது. சில இன்ஜின்களில் கிராங்க்கின் பல்சக்கரத்துக்கு, அது தண்டில் வழுக்காமல் பூட்டும் சாவிக் கட்டை கிடையாது. மையப் போல்ட்டின் இறுக்கம் மட்டுமே அதைத் தண்டோடு பிடித்து வைத்திருக்கும். அந்த வகை இன்ஜினில், ஷாஃப்ட்டுகளைப் பூட்டாமல் போல்ட்டை இளக்கிய நொடியிலேயே டைமிங் கைவிட்டுப் போய்விடும். அந்த வகையாக இருந்தால், உரிய பூட்டுக் கருவிகள் இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது. மேனுவலில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. என் இன்ஜினின் கிராங்க் சக்கரத்துக்குச் சாவிக் கட்டை உண்டு என்று மேனுவலின் படம் காட்டுகிறது. சீல்கள் மூன்றும் வறண்டிருப்பதால் அவற்றை விட்டுவிடத் தீர்மானித்தேன். பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப், கிராங்க் போல்ட் ஆகியவற்றை வாங்கிவிட்டேன்.

இப்போது எனக்குள்ள ஐயம் டைமிங் குறிகளைப் பற்றியது. வெளியே தெரியும் கிராங்க் புல்லியில் ஒரு குறி இருக்கிறது. கவருக்குள் பல்சக்கரத்தில் வேறொரு குறி இருப்பதாக மேனுவல் சொல்கிறது. எதை நம்புவது? மேலும், பழைய பெல்ட்டிலும் சக்கரங்களிலும் வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டு, பற்களை எண்ணி, அந்தக் கோடுகளைப் புதிய பெல்ட்டுக்கு மாற்றிக்கொண்டால் போதும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அது சரியான முறையா?

மூன்றாம் மறுமொழி

உள்ளே இருக்கும் பல்சக்கரத்தின் குறியைத்தான் நம்ப வேண்டும். வெளிப் புல்லி பல வண்டிகளில் ஒரே வார்ப்பாக இருப்பதில்லை. நடுக்குடத்துக்கும் வெளி வளையத்துக்கும் இடையில் அதிர்வைத் தணிக்க ஒரு ரப்பர் அடுக்கு இருக்கும். அந்த ரப்பர் தளர்ந்து வெளி வளையம் நகர்ந்தால், அதிலுள்ள குறியும் கூடவே நகர்ந்துவிடும். வெளிக்குறியை வைத்து, பிஸ்டன் முழுவதும் மேலேறி நிற்கும் உச்சநிலைக்கு அருகில் வாருங்கள்; புல்லியையும் கீழ்க் கவரையும் எடுத்த பிறகு, பல்சக்கரத்தின் குறி ஆயில் பம்ப் உறையிலுள்ள குறிக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்து உறுதி செய்யுங்கள்.

கேம் ஒரு சுற்றுச் சுற்ற, கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. ஆகவே கிராங்க் குறி நேராக நிற்கும்போது கேம் குறிகள் எதிர்ப்பக்கம் இருக்கவும் வாய்ப்புண்டு. அப்போது கிராங்க்கை மேலும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் எல்லாக் குறிகளும் சேரும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் அழுத்தம் எதிர்க்காது. கை சுலபமாகத் திருப்பும், உச்சநிலையில் நிறுத்துவதும் எளிது. இன்ஜின் இயல்பாகச் சுழலும் திசையில் மட்டுமே திருப்புங்கள். புல்லி இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் பெரும்பாலானவை கடிகாரத் திசையில் சுழல்கின்றன. எதிர்த்திசையில் சுழல்பவையும் உண்டு என்பதால் மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். குறியைத் தாண்டிவிட்டால் பின்னோக்கி இழுக்காமல், இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடி வாருங்கள்.

பெயின்ட் கோடு பற்றி. நினைவுக்குத் துணையாக அதைப் போட்டுக்கொள்வதில் தவறில்லை; நானும் போடுவதுண்டு. ஆனால் அதை மட்டும் நம்புவது, பழைய பெல்ட் சரியாக மாட்டப்பட்டிருந்தது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. உங்கள் வண்டிக்குப் பதிவே இல்லை. முன்பு யாரோ ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால், அந்தத் தவற்றையும் அப்படியே படியெடுத்துவிடுவீர்கள். கேம் சக்கரத்தில் 40 பற்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் தவறினால் கேம் 9 டிகிரி விலகும். கிராங்க் கணக்கில் அது 18 டிகிரி. இன்ஜின் ஓடும், ஆனால் இழுவை குறையும், ஓட்டம் சீராக இருக்காது, எரிபொருள் கூடுதலாகும். ஆகவே மேனுவலின் குறிகள் சேர்கின்றனவா என்பதுதான் சோதனை. பெயின்ட் அதற்குத் துணை மட்டுமே.

பெல்ட்டைக் கழற்றும்போது கவனம் வேண்டும். வால்வு ஸ்பிரிங்குகள் அழுத்திக்கொண்டிருப்பதால், பெல்ட் விலகியதும் கேம் ஒன்று சட்டென்று தானாகத் திரும்பக்கூடும். இரண்டு கேம்களையும் பூட்டிய பிறகே டென்ஷனரைத் தளர்த்துங்கள். பெல்ட் இல்லாத நிலையில் கிராங்க்கையோ கேமையோ தனியாகத் திருப்ப வேண்டாம்.

புதிய பெல்ட்டை மாட்டும் வரை அதன் உறையிலேயே வைத்திருங்கள். மடிக்கவோ, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பவோ, ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றவோ கூடாது. கண்ணாடி இழைகள் ஒடிந்தால் வெளியே தெரியாது. திசை அம்பு இருந்தால் இன்ஜின் சுழலும் திசைக்கு ஏற்ப மாட்டுங்கள். கிராங்க் சக்கரத்தில் தொடங்கி, டென்ஷனர் இல்லாத பக்கத்தை விறைப்பாக வைத்தபடி கேம் சக்கரங்களுக்கு மேலேற்றி, கடைசியாகத்தான் டென்ஷனருக்குக் கொண்டுவர வேண்டும். தொய்வு எல்லாம் டென்ஷனர் பக்கத்திலேயே சேர வேண்டும். எதிர்ப்பக்கத்தில் தொய்வு இருந்துவிட்டால், டென்ஷனர் இழுக்கும்போது சக்கரம் நகர்ந்து ஒரு பல் போய்விடும். வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான்.

உங்கள் டென்ஷனர் முள்ளும் வெட்டுக்குறியும் உள்ள வகையானால், இன்ஜின் குளிர்ந்த நிலையில் முள் வெட்டுக்குறிக்கு நேராக வரும்படி வைத்து இறுக்குங்கள். திரவ அழுத்தத்தில் இயங்கும் வகையானால், அதை நிமிர்த்திய நிலையில் பட்டறை வைஸில் வைத்து மிக மெதுவாக அமுக்கி, ஊசியிட்டு, பெல்ட் ஏறிய பிறகே ஊசியை உருவ வேண்டும். பெல்ட்டை விரலால் முறுக்கிப் பார்த்து விறைப்பை மதிப்பிடும் பழைய முறையை இந்த வகைகளுக்குப் பொருத்த வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் பூட்டுகளை எடுத்துவிட்டு, நீண்ட கைப்பிடியால் கிராங்க்கை இரண்டு முழுச் சுற்றுகள் கையாலேயே சுற்றுங்கள். எங்காவது கெட்டியாகத் தடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது வால்வும் பிஸ்டனும் தொடும் இடமாக இருக்கலாம். கையால் மெல்லத் திருப்பும்போது தெரியும் தடை எதையும் உடைக்காது. ஸ்டார்ட்டர் திருப்பும்போது உடைத்துவிடும். குறிகள் மறுபடி சேர்ந்து, முள்ளும் இடத்தில் நின்றால்தான் கவரை மூட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

பெல்ட்டையும் பம்ப்பையும் மாட்டிவிட்டேன். இரண்டு சுற்றுச் சுற்றினேன்; தடை எதுவும் இல்லை. மூன்று சக்கரங்களின் குறிகளும் பிசகாமல் சேர்கின்றன, டென்ஷனர் முள்ளும் சரியாக நிற்கிறது. ஆனால் புதிய பெல்ட்டின் முதுகில் தயாரிப்பாளர் அச்சிட்டிருந்த வெள்ளைக் கோடுகள், மாட்டும்போது சக்கரக் குறிகளுக்கு நேராக இருந்தவை, இப்போது வேறெங்கோ போய்விட்டன. மேலும் இரண்டு சுற்றுச் சுற்றியும் அவை சேரவில்லை. பெல்ட் வழுக்கிவிட்டதோ என்று அஞ்சி, கவரை மூடாமல் காத்திருக்கிறேன்.

மூன்றாம் மறுமொழியை எழுதியவர்

அச்சம் வேண்டாம், உங்கள் வேலை சரியாக இருக்கிறது. பெல்ட்டில் அச்சிட்ட கோடுகள் மாட்டும் நேரத்துக்கு மட்டுமே உதவுபவை. கிராங்க் சக்கரத்தில் 20 பற்கள் என்றால், இரண்டு சுற்றுக்குப் பெல்ட் 40 பற்கள் நகரும். பெல்ட்டில் மொத்தம் 113 பற்கள் இருப்பதாகக் கொள்வோம். 113 பகா எண். ஆகவே கோடுகள் எல்லாச் சக்கரக் குறிகளுக்கும் மறுபடி நேராக வர, கிராங்க் 226 சுற்றுகள் சுற்ற வேண்டும். உங்கள் பெல்ட்டின் கணக்கு வேறாக இருக்கலாம், ஆனால் காரணம் இதுவே. பெல்ட்டின் எல்லாப் பற்களும் எல்லா இடங்களிலும் சமமாகத் தேய வேண்டும் என்பதால் இப்படி அமைவது நல்லதும்கூட. சக்கரங்களின் குறிகள் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை சேர்கின்றனவா என்பதை மட்டும் பாருங்கள். அவை சேர்கின்றன, மூடிவிடலாம்.

மூடும் முன்பு ஒன்று செய்யுங்கள். கிராங்க் போல்ட்டையும் மவுன்ட் போல்ட்டுகளையும் மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்கியபின், ஒவ்வொன்றின் தலையிலும் பெயின்ட் புள்ளி வையுங்கள். எது இறுக்கியது, எது விரலால் மட்டும் ஏற்றியது என்ற குழப்பம் வராது.

கூலன்ட் நிரப்பும்போது ஹீட்டரை முழு வெப்பத்தில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் திறந்து, குமிழி இல்லாமல் திரவம் வரும் வரை மெதுவாக ஊற்றுங்கள். இறக்கிய பழைய கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவிடாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது. நாயும் பூனையும் நக்கினால் உயிருக்கே ஆபத்து.

முதல்முறை இன்ஜினைக் கிளப்பும்போது கவனமாகக் கேளுங்கள். வேகத்தோடு கூடும் மெல்லிய ஊளைச் சத்தம் வந்தால் பெல்ட் மிகை விறைப்பாக இருக்கிறது. கவரில் எதுவோ அடிப்பது போலக் கேட்டால் தளர்ந்திருக்கிறது. இரண்டில் எது கேட்டாலும் உடனே நிறுத்திவிட்டு டென்ஷனர் முள்ளைப் பாருங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்து, பி0016 என்ற குறியீடு வந்தால் கிராங்க்கும் கேமும் பொருந்தவில்லை என்று கணினி சொல்கிறது. ஓட்டிப் பார்க்காமல் குறிகளை மறுபடி சரிபாருங்கள்.

எதுவும் இல்லையென்றால், விசிறி ஓடத் தொடங்கும் வரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, பம்ப்பைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் காலையில், இன்ஜின் முற்றிலும் குளிர்ந்த பிறகு மூடியைத் திறந்து கூலன்ட் அளவைப் பார்த்தால் சற்று இறங்கியிருக்கும். உள்ளே தங்கியிருந்த காற்று வெளியேறியதால் அப்படி ஆகும். குறைந்திருக்கும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். அடுத்த சில நாட்களிலும் தொடர்ந்து இறங்கினால், முதலில் பார்க்க வேண்டிய இடம் புதிய பம்ப்பின் கேஸ்கட். பெல்ட் மாற்றிய தேதியையும் அப்போதைய கிலோமீட்டரையும் எழுதி மேல் கவரில் ஒட்டிவிடுங்கள். வண்டி வேறு கைக்குப் போனாலும் அடுத்தவருக்கு அது உதவும்.